94-லேயே நின்றுபோன வேகம்: ஆர்ச்சர் சி6 வாங்குவதற்குள் பட்ட பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 நல்ல ரவுட்டர். இரண்டு வருடமாக எங்கள் வீட்டு மாடி அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது, 200 எம்பிபிஎஸ் வரை பிளான் போட்டிருக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவசரக்காரர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கிளம்பலாம். ஆனால் இதை வாங்குவதற்கு முன்னால் நான் இரண்டு பெட்டிகளை வாங்கி ஏமாந்தேன், இதை வாங்கிய பிறகும் ஒரு வாரம் மண்டை காய்ந்தேன், அந்தக் கதை தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் பணம் மிச்சமாகும்.

எங்கள் வீடு மதுரையில். அப்பா கட்டியது, கீழே ஹாலும் இரண்டு அறையும், மேலே பின்னால் எழுப்பிய ஒற்றை அறை. சுவரெல்லாம் ஒன்பது இஞ்ச் செங்கல், நடுவில் கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையன் எங்கே வயர் சுலபமாக நுழைந்ததோ அங்கே, அதாவது ஹாலில் டிவிக்குப் பின்னால், அம்மாவின் இரும்பு பீரோவை ஒட்டினாற்போல மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டான். என் வேலையோ மாடி அறையில். இரும்பு பீரோ, தளம், சுவர் எல்லாவற்றையும் தாண்டி சிக்னல் மேலே வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். மீட்டிங்கில் நான் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வாயைத் திறந்தபடி உறைந்துபோன என் முகம்தான் தெரியும்.

நாம் எல்லோரும் மோடம் என்று சொல்கிற அந்தப் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவதுதான் அதன் முதல் வேலை, வைஃபை எல்லாம் இலவச இணைப்பு மாதிரி. எங்களுக்குக் கொடுத்ததில் வைஃபை அலைவரிசை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருந்தது. 5 ஜிகாஹெர்ட்ஸும் சேர்ந்த பெட்டி சில இணைப்புகளோடு வரும், உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவே இரண்டு அலைவரிசையும் உள்ளதாக இருந்து, வீடும் ஒரே தளமாக, ஐந்நூறு அறுநூறு சதுர அடிக்குள் இருந்தால், ரவுட்டரே வாங்க வேண்டாம். மோடத்தை பீரோ பக்கத்திலிருந்து எடுத்து வீட்டின் நடுவாக்கில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். லைன்மேன் முனகுவார், ஆனால் செய்துகொடுப்பார்.

நான் அப்படிச் செய்யவில்லை. முதலில் ஒரு எக்ஸ்டெண்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற குட்டிப் பெட்டி, வாங்கினேன், சுவர் பிளக்கில் நேராகச் செருகுகிற மாதிரி, பிராண்டு எதற்கு, விடுங்கள். அதை மாடி அறையிலேயே செருகினேன், அதுதான் முதல் தப்பு. மொபைலில் சிக்னல் முழுசாகக் காட்டியது, நெட் மட்டும் ஊர்ந்தது. யோசித்தால் காரணம் எளிது. கீழே இருந்து அரைகுறையாக வந்து சேர்வதைத்தான் அது திருப்பிச் சொல்லும், வந்ததே நொண்டி என்றால் போவதும் நொண்டிதான். அதற்கு மேல், ஒரே ரேடியோவில் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகக் குறையும். படிக்கட்டு வளைவில் செருகியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும், ஆனால் படிக்கட்டில் பிளக் பாயிண்ட் வைக்க அப்பாவுக்கு அந்தக் காலத்தில் தோன்றவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்து வயர் இழுக்கலாம் என்று முடிவு செய்தேன். கீழே மோடத்திலிருந்து ஜன்னல் ஓரமாக வெளியே வந்து, சுவரோடு ஏறி, மாடி அறைக்குள் நுழைகிற மாதிரி ஒரு கேட்-6 கேபிள், நெட்டுக்கென்றே வருகிற வயர். சுமார் பதினெட்டு மீட்டர். மாடியில் அந்த முனைக்கு ஒரு ரவுட்டர். அதை வாங்க டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி, "நாலு ஆன்டெனா சார், ஏசி1200, வீடு முழுக்க எடுக்கும்" என்றார். நாலு ஆன்டெனாவும் மல்லாந்து படுத்த கரப்பான்பூச்சிக் கால்கள் மாதிரி நின்றன, பார்க்கவே பலமாக இருந்தது. வாங்கிவிட்டேன். அப்போது எங்கள் பிளான் 100 எம்பிபிஎஸ், மாடியில் 90-க்கு மேல் வந்தது, வீடே கொண்டாடியது.

ஆறு மாதம் கழித்து பிளானை 200-க்கு ஏற்றினேன். மாடியில் வேகம் பார்த்தால் 94. மறுபடி பார்த்தால் 94. ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்தால் 93.8. கஸ்டமர் கேரில் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன், 94. லைன்மேன் வந்து ஃபைபர் முனையைக் கழற்றி பவர் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு "மைனஸ் 21 இருக்கு சார், அருமையான பவர்" என்றார். அவருடைய லேப்டாப்பை மோடத்தில் நேராகச் செருகினார், 200-க்கு மேலேயே வந்தது. "லைன்ல ஒண்ணும் இல்ல, உங்க பெட்டிலதான் ஏதோ" என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. அந்த 94 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பல வீடுகளில் இதே எண்ணைப் பார்த்திருக்கிறேன். ரவுட்டரின் பின்னால் வயர் செருகும் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால், போகிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு என்று கூடவே போகிற சுமையைக் கழித்து மிஞ்சுவது 94 சொச்சம்தான். வேகம் 94-ல் சுவரில் மோதினாற்போல நின்றால், காற்றிலோ கம்பெனியிலோ கோளாறு தேட வேண்டாம், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் முடிச்சு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். என் பெட்டியின் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் ஏசி1200. பின்பக்கம், எறும்பு மாதிரி எழுத்தில், "10/100". ஆயிரத்து இருநூறு அகலத்துக்கு ரோடு போட்டு வாசலில் நூறு அகலத்துக்கு கேட் வைத்த கதை.

ஏசி1200 என்பதன் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் உருட்டி 1200 என்று போடுகிறார்கள். உங்கள் மொபைல் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும். ஆகவே 1200 என்பது எந்த ஒரு கருவிக்கும் கிடைக்காத வேகம். 867-ம் ஏட்டுக் கணக்குதான், நடைமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தால் நல்ல நாள். அடுத்த தலைமுறையான வைஃபை 6 பெட்டிகளிலும் இதே கூட்டல்தான்: ஏஎக்ஸ்1500 என்றால் 300-ம் 1201-ம், ஏஎக்ஸ்1800 என்றால் 574-ம் 1201-ம். ஏஎக்ஸ்3000-ல் 2402 என்று ஒரு எண் வரும், அது கிடைக்க உங்கள் லேப்டாப்பும் மொபைலும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும், பலவற்றுக்கு 80 வரைதான் தெரியும். ஒரே கம்பெனியிலேயே பாருங்கள், ஆர்ச்சர் சி50-ம் ஏசி1200, ஆர்ச்சர் சி6-ம் ஏசி1200. சி50-ல் போர்ட்டுகள் 100, சி6-ல் ஐந்தும் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். விலையில் உள்ள வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்து அது தெரியாது.

அப்படித்தான் சி6-க்கு வந்து சேர்ந்தேன். இந்த முறை கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்காமல் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். மூவாயிரத்துக்குள் முடிந்தது. வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, பெருமையாக வேகம் பார்த்தேன்.

94.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று வீட்டில் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். முதலில் மோடத்தைச் சந்தேகப்பட்டேன், அதில் பாதி நியாயம் இருந்தது. மோடத்தின் பின்னால் நாலு ஓட்டை இருந்தாலும் அதில் ஒன்று மட்டும்தான் ஜிகாபிட், மற்ற மூன்றும் 100, என் வயர் மூன்றாவது ஓட்டையில் இருந்தது. சில மோடங்களில் ஜிகாபிட் ஓட்டை வேறு நிறத்தில் இருக்கும், சிலவற்றில் எழுதியிருக்கும். மாற்றிச் செருகினேன். அப்போதும் 94. சி6 பழுதோ என்று லேப்டாப்பை அதில் ஒரு குட்டி வயரால் செருகிப் பார்த்தேன், லிங்க் வேகம் 1000 என்று காட்டியது. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற பதினெட்டு மீட்டர்தான் மிச்சம்.

வயர் இழுத்த எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "நெட்டுக்கு நாலு வயர் போதும்ணே. மிச்சம் நாலு சும்மாதானே கெடக்குன்னு அதுல மாடி கேமராவ ஓட்டிவிட்டேன்." கேபிளுக்குள் நாலு ஜோடி, அதாவது எட்டு வயர்கள் இருக்கும். 100 எம்பிபிஎஸ்-க்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும், அவர் கற்ற காலத்தில் அது சரிதான், கோபப்பட முடியவில்லை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேமராவுக்குத் தனி வயர் இழுத்து, இரண்டு முனையிலும் எட்டையும் சேர்த்துப் புது பிளக் வைத்து கிரிம்ப் செய்தார். டீ குடித்து முடிப்பதற்குள் மாடியில் 196 வந்தது. அதன் பிறகு 94 வந்ததில்லை.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் உங்கள் பிளான் எத்தனை என்று பாருங்கள். நூறோ அதற்குக் கீழேயோ என்றால், ஏற்றும் எண்ணமும் இல்லை என்றால், 100 போர்ட் உள்ள மலிவான பெட்டியே போதும், அதில் குறையில்லை. நூறைத் தாண்டினால் ஜிகாபிட் போர்ட் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே படித்துப் பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் இருக்கு சார்" என்பதை நம்பாதீர்கள்.

இனி சி6 எப்படி ஓடுகிறது என்பதற்கு வருகிறேன். அமைப்பது சுலபம், மொபைலில் டெதர் என்ற ஆப்பைப் போட்டால் பத்து நிமிடத்தில் முடியும். கவனிக்க வேண்டிய ஒன்று, ஏற்கெனவே மோடம் இருக்கிற வீட்டில் இதை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைப்பது. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ரவுட்டர் முறையிலேயே விட்டாலும் நெட் வரும், அதனால் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஆனால் வீட்டுக்குள் இரண்டு வீடு உண்டான மாதிரி ஆகிவிடும். கீழே இருக்கிற பிரிண்டர் மாடி லேப்டாப்பின் கண்ணில் படாது, மாடியிலிருந்து ஹால் டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிவிட்டால் முகவரி கொடுக்கிற வேலையை மோடம் மட்டும் செய்யும், எல்லாம் ஒரே குடும்பமாகிவிடும். மெனுவில் ஒரே ஒரு தேர்வுதான்.

அலைவரிசை இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கிற வசதி உண்டு. நான் பிரித்தே வைத்திருக்கிறேன். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மாடி அறையில் 190-க்கு மேல் தருவது மொட்டை மாடிக் கதவைத் தாண்டினால் 60, 70 ஆகிறது, தளத்தைத் தாண்டிக் கீழே சமையலறையில் இல்லவே இல்லை. இது சி6-ன் குறை என்று சொல்ல மாட்டேன், எந்தப் பெட்டியானாலும் கான்கிரீட்டிடம் இப்படித்தான். 2.4 தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் அதில்தான் கூடிக் கூச்சல் போடுகின்றன, ப்ளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைகிறது. சேனலை 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் வையுங்கள், ஒன்றோடொன்று மோதாதவை அந்த மூன்றுதான். ஸ்மார்ட் பிளக், பழைய பிரிண்டர் மாதிரியானவை பெரும்பாலும் 2.4 மட்டுமே அறிந்தவை, பெயரைப் பிரித்து வைத்தால் அவற்றை இணைக்கும்போது தலைவலி இல்லை.

குறைகளும் உண்டு. என்னிடம் இருப்பதில் யூஎஸ்பி போர்ட் கிடையாது, ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வீடு முழுக்கப் படம் பார்க்க நினைப்பவர்களுக்கு ஆகாது. ஆன்டெனாக்களைத் திருப்பலாம், கழற்றி வேறு மாட்ட முடியாது. அப்புறம் இது வைஃபை 5, அதாவது ஏசி தலைமுறை. வைஃபை 6 பெட்டிகள் 2019-லிருந்தே கிடைக்கின்றன. இன்றைக்கு வாங்குகிறவர் ஏன் பழையதை வாங்க வேண்டும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. என் பதில் வீட்டைப் பொறுத்தது. தனி வீடு, ஐந்தாறு கருவிகள், 200-க்குள் பிளான் என்றால் வித்தியாசமே தெரியாது. அப்பார்ட்மெண்ட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் இருபது கருவிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மொபைல்கள் புதியவை என்றால் வைஃபை 6-க்குப் போங்கள், ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துக் கொடுக்கிற வித்தை அதற்குத்தான் தெரியும். ஆனால் ஏஎக்ஸ்1500-க்குப் பதில் ஏஎக்ஸ்1800 எடுங்கள், ஏஎக்ஸ்1500-ல் 2.4 பக்கம் பழைய 300-லேயே நிற்கிறது.

வயர் இழுக்கவே முடியாது, வாடகை வீடு, ஓனர் சுவரில் ஆணி அடித்தாலே கூப்பிட்டுக் கேட்பார் என்கிறவர்களுக்கு மெஷ். டிபி-லிங்க்கின் டெக்கோ மாதிரி இரண்டு பெட்டிகளாக வருவது. மூன்று வாங்க வேண்டாம், இரண்டு போதும். இரண்டாவதை சிக்னல் வராத அறையில் வைக்காமல், பாதி வழியில், நல்ல சிக்னல் இன்னும் இருக்கிற இடத்தில் வையுங்கள். என் எக்ஸ்டெண்டர் பாடம் இங்கேயும் பொருந்தும்.

கரண்ட் விஷயத்தை யாரும் ரிவியூவில் எழுதுவதில்லை. நம் ஊரில் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது, மற்ற நாட்களில் ஐந்து நிமிடம் பத்து நிமிடம் போய்ப் போய் வரும். இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறுகிற அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து, மீண்டும் எழுந்து, நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், மீட்டிங்கில் இருப்பவருக்கு அது யுகம். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் வைத்தால் மாற்றம் சீக்கிரமாக நடக்கும். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கிற சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், எனக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குள் வந்தது. சி6-ன் அடாப்டர் 12 வோல்ட், 1 ஆம்ப், அதனால் சின்ன யூபிஎஸ்ஸே தாங்குகிறது. உங்கள் அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே வோல்ட்டில் வாங்குங்கள், 12-க்கு 9 செருகிப் பார்க்க வேண்டாம். மறக்கக் கூடாதது, கீழே மோடத்துக்கும் ஒன்று வேண்டும். மாடியில் ரவுட்டர் மட்டும் உயிரோடு இருந்து என்ன பயன், நான் முதல் மாதம் அதைத்தான் செய்தேன்.

பாஸ்வேர்டு பற்றி இரண்டு வரி. அமைக்கும்போதே நிர்வாகப் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் வேறு வேறாக வையுங்கள், பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை இணைக்கிற டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள். கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கிறது, பொங்கலுக்கு வருகிற அத்தனை சித்தப்பா பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டு, ஊருக்குக் கிளம்பியதும் அணைத்துவிடலாம்.

அந்த 94 பெட்டி என்ன ஆயிற்று என்று தங்கச்சி கேட்டாள். விற்றால் முந்நூறு கூடத் தேறாது. கீழே மோடத்தின் 100 ஓட்டையில் அதைச் செருகி, பீரோவுக்கு எதிர்ப்பக்க அலமாரியில் வைத்திருக்கிறேன், ஹாலுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடைத்துவிட்டது. டிவிக்கு அதிலிருந்தே வயர் கொடுத்தேன். பெரும்பாலான டிவிகளின் போர்ட்டே 100-தான், எங்களுடையதும் அப்படித்தான், 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். அம்மாவின் சீரியல் இப்போது நிற்காமல் ஓடுகிறது, எனக்குத்தான் மீட்டிங் நடுவே அந்தப் பின்னணி இசை மாடி வரை கேட்கிறது.